சிறுநீரக வருத்தமும் பிள்ளைப்பேறும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜிந்துப்பிட்டியிலே பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கினால், "பார்லித் தண்ணி குடி, வத்திவிடும்" என்பார்கள். பல வேளை வத்தியும் விடும். முகமும் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், பிரசரும் ஏறினால் பார்லி போதாது.

சிறுநீரக வருத்தம் உள்ளவள் கர்ப்பமானால் பிரசர் கூடி வலிப்பு வரை போகலாம். பிள்ளை மாதம் நிறையாமல், நிறை குறைந்து பிறக்கலாம். தாயின் சிறுநீரகமும் மேலும் பழுதாகலாம். கர்ப்பத்தில் கிரியற்றினின் குறைய வேண்டும், ஆகவே 0.9 என்பது மற்றவருக்குச் சரி, கர்ப்பிணிக்குச் சற்றுக் கூட.

பலர் தவறவிடுவது மருந்தைத்தான். எனலாபிரில், லொசாட்டன் போன்றவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது; பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்று நோயை ஒளித்து, ஐந்தாம் மாதத்தில் கிளினிக்குக்கு வருபவர்களை நினைத்தே சொல்கிறேன்.

பிள்ளையே வேண்டாம் என்று பயப்படவும் தேவையில்லை. அமெரிக்காவில் ஈடித் ஹெல்ம் 1956இல் தன் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பெற்று, 1958இல் ஆண்பிள்ளை பெற்றார். மாற்றுச் சிறுநீரகத்தோடு தாயான முதற்பெண் அவர். இப்போது மாற்றிய பின் ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்கிறோம்.

தேநீருக்குப் பிறகு பிரசர் பார்க்கும் கருவியோடு பின்வரிசையில் இருப்பேன். மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.