அலுவல் முடிந்த பின்



"வேலை கிடைத்துவிட்டது, இனிப் படிப்பு எதற்கு?" என்று நம் காலனிப் பிள்ளைகள் சிலர் வினவுகின்றனர். அவர்கட்கு, 1970இல் இப்பெங்களூரிலேயே மறைந்த சர் சி. வி. இராமனின் இளமையை நினைவூட்ட விழைகிறோம்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், 1907இல், தமது பதினெட்டாம் வயதிலேயே கல்கத்தாவில் நிதி இலாகா அதிகாரியானார். (நம்மைப் போல் குமாஸ்தா அல்லர், ஆயினும் கணக்கு கணக்குத்தானே!) பௌபஜார் தெருவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் ஒன்றின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். அதுமுதல் விடியற்காலையில் ஆராய்ச்சி, பகலில் அலுவலகம், மாலை தொடங்கி இரவு வரை மீண்டும் ஆராய்ச்சி. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. மாற்றலின் தொல்லையை இரயில்வேக் குடும்பங்களுக்கு நாம் விளக்கவும் வேண்டுமோ? அவர் ஆராய்ச்சியை விட்டாரில்லை. இவ்வாறு பத்தாண்டுகள்! 1917இல், குறைந்த ஊதியமாயினும் பேராசிரியர் பதவியை விரும்பி ஏற்றார். நோபல் பரிசு வந்தது 1930இல்.

அக்கழகத்தின் கதவு இரவிலும் அவருக்குத் திறந்திருந்தது. நம் சங்க வாசகசாலையோ எட்டு மணிக்கே பூட்டப்படுகிறது. வேலை முடிந்து வரும் பிள்ளைகளுக்காக அதனைப் பத்து மணி வரை திறந்துவைக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். சாவியைப் பொறுப்பேற்க நாம் சித்தமாயிருக்கிறோம்.