வீட்டின் பெறுமதியும் சோலைவரியும்



சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையிலே ஒரு விவாதம் எழுந்தது. ஆசிரியர் இருவர், ஒருவர் பட்டினத்தின் பழைய தெருவொன்றில் வசிப்பவர், மற்றவர் அயலூரிலே அண்மையிற் சிறு வீடொன்று கட்டிக் குடிபுகுந்தவர். பட்டினத்து ஆசிரியர், “எங்கள் சபை நூற்றுக்குப் பத்து வீதம் சோலைவரி வாங்குகின்றது; உங்கள் சபை ஆறு வீதந்தானே வாங்குகின்றது. நீங்கள் கொடுத்து வைத்தவர்” என்றார். மற்றவர் ஒன்றும் பேசாது தமது வரிப் பத்திரத்தை எடுத்து மேசைமீது வைத்தார். அதில் 3,600 ரூபா என்றிருந்தது. பத்து வீதம் கட்டுபவரின் வரியோ 3,000 ரூபாதான்.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? இதனை விளக்குவதற்குச் சோலைவரி கணிக்கப்படும் முறையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். எமது நாட்டிலே ஒரு வீட்டின் விற்பனை விலைமீது இவ்வரி நேரே விதிக்கப்படுவதில்லை. அவ்வீட்டை வாடகைக்கு விட்டால், நியாயமான ஒரு குடியிருப்பாளர் ஆண்டொன்றுக்கு என்ன வாடகை கொடுப்பார் என்று மதிப்பிடுகின்றார்கள். அதுவே வருடாந்தப் பெறுமதி எனப்படும். 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் இந்த அடிப்படையிலேயே அமைந்தது. அப்பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சபை தீர்மானிக்கின்றது. ஆகவே வரி என்பது இரண்டு எண்களின் பெருக்கம். ஒன்று வீதம், மற்றையது பெறுமதி. வீதத்தைச் சபை ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிவிக்கின்றது. பெறுமதியோ ஒரு பதிவேட்டிற்குள்ளே அமைதியாக உறங்குகின்றது.

எங்கள் ஆசிரியர்களின் கணக்கை இப்பொழுது பார்ப்போம். அயலூர் ஆசிரியரின் வீடு மாதம் 5,000 ரூபா வாடகை பெறத்தக்கது. அண்மையிலே மதிப்பிடப்பட்டமையால் அதன் வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபா எனச் சரியாகப் பதியப்பட்டுள்ளது. அதன் ஆறு வீதம் 3,600. பட்டினத்து வீடு இன்று மாதம் 20,000 ரூபா, அதாவது ஆண்டுக்கு 240,000 ரூபா வாடகை பெறும். ஆயினும் நெடுங்காலத்துக்கு முன் எழுதிய பதிவேட்டில் அதன் பெறுமதி 30,000 ரூபாவாகவே நிற்கின்றது. அதன் பத்து வீதம் 3,000. உண்மையான வாடகையோடு ஒப்பிட்டால், ஒருவர் நூற்றுக்கு ஆறு வீதம் கொடுக்கின்றார். மற்றவர் நூற்றுக்கு ஒன்றேகால் வீதந்தான் கொடுக்கின்றார். பத்து வீதம் என்று குறைப்பட்டவரே உண்மையில் இலேசான சுமை சுமப்பவர்.

வீதங்கள் இடத்துக்கிடம் வேறுபடுவதற்கு வேறொரு நியாயமான காரணமும் உண்டு. இரண்டு சபைகளுக்கும் சோலைவரியாற் பத்து இலட்சம் ரூபா வேண்டியிருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எல்லையில் வங்கிகளும் பெருங்கடைகளும் மாடிவீடுகளும் உள்ளன. அவற்றின் மொத்த வருடாந்தப் பெறுமதி இரண்டு கோடி. அங்கே ஐந்து வீதம் போதும். மற்றையதில் எளிய வீடுகளே உள்ளன. மொத்தம் ஒரு கோடி. அங்கே பத்து வீதம் விதித்தாலன்றித் தெருவிளக்கு எரியாது, குப்பை அகலாது. செல்வம் குறைந்த ஊரே கூடிய வீதம் கொடுக்க வேண்டிய நிலை இவ்வாறு உண்டாகின்றது. இக்குறையை மத்திய அரசின் மானியமே ஈடுசெய்யலாம்.

இவ்வரிமுறை எமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1601ஆம் ஆண்டின் ஏழைகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் திரட்டப்பட்ட வரியே இதன் மூலம். அந்நாட்டின் அண்மைக்கால வரலாறு எமக்கு ஒரு நல்ல பாடமாகும். அங்கே வீடுகளின் வாடகைப் பெறுமதி 1973ஆம் ஆண்டிலே மதிப்பிடப்பட்டது. பின்னர் வந்த அரசாங்கங்கள் மறுபடி மதிப்பிடத் துணியவில்லை. மதிப்பிட்டால் வரி கூடும்; வரி கூடினால் வாக்குக் குறையும் என்ற அச்சந்தான். 1990ஆம் ஆண்டில் வீட்டு வரியை நீக்கித் தலைவரியைக் கொண்டுவந்தார்கள். செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே தலைவரியா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். இலண்டன் மாநகரிலே பெருங்கலவரம் மூண்டது. 1993ஆம் ஆண்டிலே தலைவரி போய், இன்றைய சபை வரி வந்தது.

இச்சபை வரிக்காக வீடுகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்தார்கள். 1991ஆம் ஆண்டு விலைப்படி 40,000 பவுண் வரை பெறுமதியானவை முதலாம் வகுப்பு. 320,000 பவுணுக்கு மேற்பட்டவை எட்டாம் வகுப்பு. ஒரே ஊரில் எட்டாம் வகுப்பு வீட்டின் விலை முதலாம் வகுப்பு வீட்டிலும் எட்டு மடங்கு கூடியதாயினும், வரியோ மூன்று மடங்குதான். வேல்ஸ் நாட்டிலே 2005ஆம் ஆண்டு மறுமதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலோ இன்றும் 1991ஆம் ஆண்டின் விலையே அடிப்படை.

இதன் விளைவைக் கேளுங்கள். 2024–25ஆம் ஆண்டிலே, இலண்டனின் நடுவேயுள்ள வெஸ்ற்மினிஸ்ரர் பகுதியின் எட்டாம் வகுப்பு மாளிகை கட்டிய சபை வரி, நொற்றிங்காம் நகரின் நாலாம் வகுப்பு வீடு கட்டியதிலும் குறைவு. நாலாம் வகுப்பென்றால் 1991இல் 88,000 பவுணுக்கு மேற்படாத நடுத்தர வீடு. விலை கூடிய வீட்டுக்கு வரி குறைவு. விலை குறைந்த வீட்டுக்கு வரி கூட!

நேயர்களுள் ஒருவர் இவ்விடத்தில் என்னைத் தடுத்துக் கேட்கக்கூடும்: “வீட்டின் பெறுமதி ஏறினால் வீட்டுக்காரரின் வருமானமும் ஏறிவிடுமோ? வீடு சோறு போடுமோ?” நியாயமான கேள்விதான். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் பழைய வீட்டிலே இருப்பார். அவரைச் சுற்றித் தெரு வளர்ந்துவிடும். இத்தகையோரைக் காப்பதற்கென அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே 1978ஆம் ஆண்டு ஒரு விதி செய்தார்கள். வீடு கைமாறும்வரை வரிக்கான பெறுமதி ஆண்டுக்கு இரண்டு வீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது அவ்விதி. முதியவர்கள் பயனடைந்தனர். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளுள், நேற்று வாங்கிய இளங்குடும்பம் பக்கத்து வீட்டுச் செல்வரிலும் பன்மடங்கு வரி கொடுக்க நேர்ந்தது. இரக்கம் வேண்டும், அதனைச் சலுகையாக வெளிப்படையாகக் கொடுத்தல் வேண்டும். பொய்யான பெறுமதியைப் பதிவேட்டிலே வைத்திருப்பது இரக்கமாகாது. தகுதியுள்ளவர்க்கும் தகுதியில்லாதவர்க்கும் அது ஒருங்கே அள்ளிக்கொடுத்துவிடும்.

எனவே, சபையிலிருந்து மதிப்பீட்டு அறிவித்தல் வரும்போது வீதத்தை மட்டும் நோக்காது பெறுமதியையும் நோக்குங்கள். “என் வீட்டை வாடகைக்கு விட்டால் இவ்வளவு கிடைக்குமா?” என்று உங்களை நீங்களே கேளுங்கள். மிகையாகத் தோன்றினால், அறிவித்தலிற் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். அவ்வுரிமையைச் சட்டம் உங்களுக்கு வழங்கியுள்ளது. குறைவாகத் தோன்றினால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை கூறுதல்தான் கடினம்.

அன்று ஆசிரியர் அறையிலே கணக்கை எழுதிக் காட்டியபோது, பட்டினத்து ஆசிரியர் என்னைப் பார்த்து, “அதிபர் அவர்களே, தங்கள் வீட்டுக்கு எவ்வளவு?” என்று கேட்டார். நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். என் தகப்பனார் காலத்து வீடு அது. அதன் பெறுமதியும் அந்தப் பழைய பதிவேட்டிலேதான் இருக்கின்றது. என் வேலிக்கு அப்பால் இரண்டறை வீடு கட்டி வாழும் விதவைத் தாய் எனக்கு மேலாக வரி கட்டுகின்றார். எங்கள் ஒழுங்கையிலே எரியும் விளக்கின் செலவில் என் பங்கையும் அவர் சுமக்கின்றார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுமதிப்பீடு என்றதும் எதிர்ப்புக் கூட்டம் கூட்டுவோர் பெரும்பாலும் என்னைப் போன்றவர்களே. அடுத்த முறை அத்தகைய கூட்டமொன்றுக்கு அழைப்பு வந்தால் நான் போகப் போவதில்லை. மதிப்பீட்டாளர் வந்தாற் படலையைத் திறந்து விடுவேன்.