கம்பெனி யாருக்காக?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று மாலை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் பழைய ஹாஸ்டல் கூட்டம் கூடியிருந்தோம். பேச்சு ஷேர் மார்க்கெட்டுக்குப் போயிற்று. "கம்பெனி நடக்கிறதே பங்குதாரருக்காகத்தான்டா, வேற யாருக்கு?" என்றான் ஒருவன். அவனுக்கான பதிலை இங்கே சொல்கிறேன்.

சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதே கம்பெனியின் பொறுப்பு என்று 1970இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். ஜெர்மனி வேறு வழியில் போனது. 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடத்தை 1976இல் தொழிலாளர் தரப்புக்குக் கொடுத்தது. நம் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, பங்குதாரரோடு ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் இயக்குநர்கள் பார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை: சரக்கு செய்து கொடுக்கிற சிறு பட்டறைக்காரர்.

அவரை நமக்கு நன்றாகத் தெரியும். 1965இல் திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. இன்று அதுதான் பெல். அதை நம்பித் துவாக்குடி வரை நூற்றுக்கணக்கான பட்டறைகள் எழுந்தன. 2010களில் அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அவற்றில் பல முடங்கின. பெல் பங்கின் விலை தினமும் பேப்பரில் வரும். பட்டறை மூடியது அந்தப் பக்கத்தில் வராது.

இனி என் கதை. வெளியூரில், பெயர் வேண்டாத ஒரு கம்பெனியில், பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். ஒரு மார்ச் மாதம், "சின்ன பில்லையெல்லாம் ஏப்ரலுக்குத் தள்ளு, கணக்கு முடிக்கும்போது கையிருப்பு நல்லாத் தெரியணும்" என்றார் மேலதிகாரி. தள்ளினேன். எட்டு ஆள் வைத்து வெல்டிங் பட்டறை நடத்தியவர் நேரிலேயே வந்தார். "தம்பி, சனிக்கிழமை கூலி குடுக்கணும்" என்றார். "பார்க்கலாங்க" என்று அனுப்பிவிட்டேன். வீட்டு நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வருடம் அவர் கொட்டேஷனே தரவில்லை. புது ஆள் செய்த வெல்டிங் சோதனையில் தேறாமல் வேலை பல வாரம் தள்ளிப்போனது. அந்த நஷ்டம் யாருக்கு? பங்குதாரருக்குத்தான்!

2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேனா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தம்பி தங்கைகளே, போர்டு மீட்டிங்கில் நீங்கள் உட்கார இருபது வருடம் ஆகலாம். ஒரு சின்ன பில் உங்கள் மேசைக்கு வர ஆறே மாதம் போதும். அன்று நாள் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி நிர்வாகம் என்பது அந்த மேசையிலேயே தொடங்குகிறது.