புள்ளி வைக்கத் தெரிந்தவர்கள்

கிரெடிட் கார்டுப் புள்ளிகளை உடனே ஓட்டல் கணக்குக்கு மாத்திடணும்னு எதிரணி அண்ணன் முழங்கினார். புள்ளியைப் பத்தி எங்ககிட்டயா? எந்தக் கோலம்னு முடிவு பண்ணிட்டுத்தானே நாங்க புள்ளியே வைப்போம்! (கைதட்டல்)

மளிகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுச் சேர்த்த புள்ளிங்க. ஒருதரம் மாத்தினா கார்டுக்குத் திரும்பாது. அக்கோர் ஓட்டல்கள்ல 2000 புள்ளிக்கு பில்லுல 40 யூரோ கழியும், கணக்கு தெளிவு. மாரியட்டில் 2022-லிருந்து நிலையான பட்டியலே கிடையாது, நாளுக்கொரு விலை! (சிரிப்பு)

"மாத்த சில நாளாகுமே, அதுக்குள்ள அறை போயிட்டா?" என்கிறார். நியாயமான கேள்விதான். ரத்து செய்யக்கூடிய அறை ஒண்ணைப் பணத்துக்குப் பதிவு பண்ணி வைங்க. புள்ளி வந்து சேர்ந்து, அதில் அறை கிடைச்சதும் பழைய பதிவை ரத்து பண்ணிடுங்க. கடைசித் தேதியை மட்டும் அண்ணிகிட்ட சொல்லி வைங்க! (பலத்த கைதட்டல்)