குருதி கூறும் சான்று
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், இரயில்வே குமாஸ்தா. எனினும், குடும்பங்களின் அமைதியைக் குலைக்கும் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். "தாய்க்கும் நோயில்லை, தந்தைக்கும் நோயில்லை, பிள்ளைக்கு மட்டும் பரம்பரை நோய் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி சில வீடுகளில் எழுகின்றது. பழி பெற்றவள் தலையில் விழுகின்றது. இஃது அறியாமையன்றி வேறில்லை.

நம் உடலில் மரபணுக்கள் பொதுவாக இரட்டையாக உள்ளன. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. அரிவாளணுச் சோகை என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். இந்நோயில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய குழாய்களை அடைத்து, பொறுக்கவொண்ணா வலியைத் தரும். பழுதுற்ற மரபணு ஒன்றை மட்டும் உடையவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா மலிந்த நிலங்களில் இப்பழுது நிலைபெற்றமைக்குக் காரணம் அதுவே. ஆனால் அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே அந்நோய் தாயின் கற்புக்குக் களங்கம் ஆகாது. தாயும் தந்தையும் தத்தம் பங்கைத் தந்ததன் விளைவே ஆகும். ஏ பிரிவுத் தந்தைக்கும் பி பிரிவுத் தாய்க்கும் ஓ பிரிவுக் குழந்தை பிறப்பதும் இவ்வாறே இயல்பானது.

நம் நாட்டில் இப்பழுது 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது. நாம் குடியேறி வாழும் இம்மத்திய இந்தியாவிலும் அது மிகுதி. அதனை ஒழிக்க மத்திய அரசு 2023-ல் தனி இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது.

இனி, தந்தை யார் எனக் காட்டும் சோதனை. 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், மரபணுப் பொருளான டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் அடையாளத்தைக் கண்டார். மறு ஆண்டே, கானா நாட்டுக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் தாயின் மகனே என்பதை அது மெய்ப்பித்தது. அவன் நாடு கடத்தப்படாது தாயுடன் வாழ்ந்தான். நம் நாட்டில் ஹைதராபாதில் டாக்டர் லால்ஜி சிங் இக்கலையை வளர்த்தார். உறவைச் சேர்த்துவைத்த கருவி இது. ஐயத்தால் உறவை அறுப்பதற்கு இதனை எடுப்பது முறையோ? நீதிமன்றங்கள் இத்தகைய இரத்தச் சோதனைக்குக் கேட்டவுடன் உத்தரவிடலாகாது என உச்ச நீதிமன்றமும் 1993-ல் தீர்ப்பளித்தது. குழந்தையின் பெயருக்கும் மானத்துக்கும் காப்பு வேண்டுமன்றோ?

பெரியோர்களே! நம்மவரிடையே மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் செய்வது வழக்கம். ஒரே பாட்டனின் பழுது இருவரிடமும் வந்திருக்கக்கூடும். ஆதலின் ஜாதகம் பார்க்கும் வேளையில் இரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். இருவரிடமும் பழுதிருப்பின், மருத்துவரை நாடுங்கள். கருவிலேயே சோதித்தறியும் வழியும் இன்று உண்டு. மணத்திற்கு முன் செய்யும் சோதனை பிள்ளையைக் காக்கும். மணத்திற்குப் பின் எழும் வீண் ஐயமோ அப்பிள்ளையின் வாழ்வையே கெடுக்கும்.