வகுப்பறையில் விழும் சொல்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வி என்றதும் தேர்வு, மதிப்பெண், உபகாரச் சம்பளம் ஆகியவற்றைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். இன்று வேறொன்றைப் பேசுவோம். ஆரம்பப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை மாலையில் புத்தகப் பையோடு ஒரு சொல்லையும் வீட்டுக்குக் கொண்டு வருகிறது. "அத்தா, வகுப்பிலே என்னைக் கெலிங் என்று சொன்னார்கள். அப்படியென்றால் என்ன?" என்று கேட்கிறது. சொன்னது பக்கத்து மேசைப் பையனாக இருக்கலாம். சில நேரம், கோபத்தில் நிதானம் இழந்த ஆசிரியராகவும் இருக்கலாம். அந்த இரவு பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். பினாங்கில் வாழும் நமக்கு அந்தப் பதில் தூரத்தில் இல்லை. காதர் முகைதீன் அவர்கள் 1801இல் அடித்தளமிட்ட பள்ளிவாசலின் பெயரே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அன்று பிட் ஸ்திரீட் என்று வழங்கிய சாலைக்கு இன்று அந்தப் பள்ளிவாசலின் பெயர்தான். கெலிங் என்பது கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் இந்திய மண் கெலிங் நாடு என்றே குறிப்பிடப்படுகிறது. அன்று அதில் இழிவு இல்லை. மக்கள் தலைவருக்குரிய பட்டத்தோடு சேர்ந்து நின்ற பெயர் அது. காலப்போக்கில் அதே சொல் ஏளனக் குரலில் வந்து வசையாகிவிட்டது.

இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைத்துப் போகும்போது அந்தப் பெயர்ப் பலகையைக் காட்டிச் சொல்லுங்கள். தன் முன்னோர் யார் என்று தெரிந்த பிள்ளை ஒரு சொல்லால் எளிதில் குறுகிப் போகாது. "எனக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று மலாயில் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லப் பழக்குங்கள்.

ஆனால் பள்ளிவாசலின் பெயரைக் காட்டி, "இது வரலாற்றுச் சொல்தானே, ஏன் வருந்துகிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் அதை ஏற்க வேண்டியதில்லை. சொல்லின் பிறப்பு வேறு, அது இன்று ஒரு குழந்தையின் மேல் விழும் விதம் வேறு. வகுப்பறையில் ஏழு வயதுப் பிள்ளையால் ஆசிரியருக்கு எதிர்ப்பேச்சுப் பேச முடியாது. எழுந்து வெளியே போகவும் முடியாது. அதனால்தான் பெற்றோர் பேச வேண்டியிருக்கிறது.

எப்படிப் பேசுவது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதிய 'இன்டர்லோக்' நாவல் 1971இல் வெளிவந்தது. மூன்று இனத்தாரின் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பிணைவதைச் சொன்ன கதை அது. 2011ஆம் ஆண்டுக்கு அது சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ மாணவர்களின் இலக்கியப் பாடநூலானது. இந்தியர்களைப் பற்றிய பகுதியில் சாதிப் பெயர் ஒன்றைச் சொல்லியிருந்ததைக் கண்டு இந்தியப் பெற்றோர்களும் அமைப்புகளும் கொதித்தெழுந்தனர். ஆட்சேபம், எதிர்வாதம், திருத்தங்களை ஆராய ஒரு குழு என்று அந்த ஆண்டு முழுவதும் கழிந்தது. 2011 டிசம்பரில் நூல் மீட்டுக்கொள்ளப்படும் என்று அறிவிப்பு வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எழுதியவரின் நோக்கம் நல்லதாக இருந்தாலும், வகுப்பில் முப்பது பேர் நடுவே அந்தச் சொல் வாசிக்கப்படும்போது நம் பிள்ளையின் முகம் என்னவாகும் என்ற கேள்வி நியாயமானதே. இரண்டு, அந்த வசைச்சொல் நம் தமிழிலிருந்தே மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் போனது. பறை அறைந்த மக்களின் பெயரை இழிசொல்லாக்கியது தமிழ்ச் சமுதாயம்தான். இன்னும் அதை வசையாகப் பேசுகிறவர்கள் நம்மிடையே இருந்தால், மற்றவர்களைத் திருத்தும் உரிமை நமக்கு எங்கிருந்து வரும்?

இனி நடைமுறைக்கு வருவோம். திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் இதற்கு இரண்டு வழிகாட்டுதல்களைத் தருகிறது. ஆறாம் வசனம், ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளச் சொல்கிறது. பதினோராம் வசனம், ஒருவரையொருவர் ஏளனம் செய்வதையும் பட்டப் பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில் இருப்பதை நினைவில் வையுங்கள். வசையை எதிர்க்கப் புறப்படுகிறவர் விசாரிக்கவும் கடமைப்பட்டவர்.

பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஆசிரியர் இப்படிச் சொன்னாரா, அப்படிச் சொன்னாரா?" என்று வார்த்தையை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. எந்த நாள், எந்தப் பாடவேளை, என்ன சொல், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காலைக்குள் அது ஈப்போவையும் ஜொகூரையும் சுற்றி வந்துவிடும். நாளை செய்தி தவறு என்று தெரிந்தால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. உண்மையாகவே இருந்தாலும், நம் பிள்ளையின் பெயரும் சேர்ந்தே சுற்றும்.

மறுநாளே பள்ளியில் நேரம் கேட்டு, தாயும் தந்தையும் சேர்ந்து செல்லுங்கள். கூட்டம் சேர்க்க வேண்டாம். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். சொன்னவர் அவரேயானால் நேராகத் தலைமையாசிரியரிடம் போங்கள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தச் சொல் இனி வரக்கூடாது. வகுப்பு முன்னிலையில் சொல்லப்பட்டதால், அது தவறு என்பதும் வகுப்பு முன்னிலையிலேயே சொல்லப்பட வேண்டும். தீர்வு இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம், அடுத்து எழுத்து மூலம் மாவட்டக் கல்வி அலுவலகம், பிறகு மாநிலக் கல்வி இலாகா. கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். ஆபாசமான பேச்சோ மிரட்டலோ என்றால் இந்தப் படிகளில் காத்திருக்கத் தேவையில்லை. அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

குரலை உயர்த்தாமல் இருப்பது பயத்தால் அன்று. நாம் பேசிவிட்டு வீடு திரும்பிவிடுவோம். மறுநாள் காலை ஏழரைக்கு அதே வகுப்பில், அதே ஆசிரியர் முன் போய் உட்காரப் போவது நம் பிள்ளை. அந்த நாற்காலியில் அது நிம்மதியாக உட்காரும்படி பேசிவிட்டு வருவதே வெற்றி. நம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக நடத்தும் மலாய், சீன, இந்திய ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொன்ன சொல்லுக்காக அவர்கள் எல்லோர்மீதும் பழி போடுவது நியாயமாகாது.

கடைசியாக நம் வீடுகளைப் பற்றி. வங்காளதேசத் தொழிலாளியை, இந்தோனேசியப் பணிப்பெண்ணை, சீனரை, மலாய்க்காரரை, ஊரிலிருந்து கடைக்கு வேலைக்கு வந்த தம்பியை எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பதைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அதுவும் பள்ளிக்குப் போகும். இன்னொரு வீட்டுப் பிள்ளை நம் பிள்ளை சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு தன் அத்தாவிடம் போய் அர்த்தம் கேட்கும் நிலை வரக்கூடாது.

ஐம்பது ஆண்டு கண்ட நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதத் தெரியாத, மலாயில் பேசத் தயங்கும் பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். அவர்களோடு பள்ளி வரை கூடவே போய் வர இரண்டு மூன்று பேரைக் கல்விக் குழு நியமிக்கட்டும். பெரிய செலவில்லை. ஒரு காலை நேரம் போதும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் செவிகளையும் நம் நாவுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.