மருந்து எடுத்தா அது தோல்வியா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். குடிநோயாளிகளைக் கவனித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் என் வேலை. அதைவிட முக்கியமா, நான் உங்களில் ஒருத்தியோட மகள். சேமிப்புப் புத்தகத்தை அப்பா கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குள் ஒளிச்சு வச்ச அம்மாவுக்குப் பிறந்தவள்.

போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா அழுதுகிட்டே சொன்னாங்க: "எங்கிட்ட மட்டும் காசு இருந்திருந்தா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து அவரைக் காப்பாத்தியிருப்பேம்மா." அந்த அக்காவுக்கு அன்னைக்கு என்னால் பதில் சொல்ல முடியலை. இன்னைக்குச் சொல்றேன். அதுக்கு, காசுக்குக் குறைவே இல்லாத இரண்டு பேரைப் பற்றிச் சொல்லணும். இரண்டு பேருமே வெளிநாட்டுக் கலைஞர்கள்.

ஒருத்தர் கோரி மாண்டீத். கனடாவில் பிறந்தவர். "க்ளீ" என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பாடி நடித்துப் பேர் வாங்கினவர். 2013-ல் போதை சிகிச்சை நிலையத்தில் தானே போய்ச் சேர்ந்தார். ஏப்ரலில் சிகிச்சை முடிந்து வெளியே வந்தார். ஜூலை 13-ம் தேதி வான்கூவர் நகரில் ஒரு ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். ஹெராயினும் மதுவும் சேர்ந்து உயிரை எடுத்துவிட்டது. வயது 31.

"சிகிச்சை எடுத்தும் செத்துட்டாரே" என்று தோணும். இதை நல்லாக் கேட்டுக்கோங்க. ஹெராயின் அபின் வகையைச் சேர்ந்தது. தினமும் எடுக்கிறவன் உடம்பு அதைத் தாங்கப் பழகிக்கும். சில வாரம் நிறுத்தினா அந்தத் தாங்கும் சக்தி குறைஞ்சுடும். ஆனா மனசுல ஆசை மட்டும் குறையாது. மறுபடி பழைய அளவையே எடுத்தா மூச்சு நின்னுபோகும். அதனாலதான் சிகிச்சை நிலையத்தை விட்டோ ஜெயிலை விட்டோ வெளியே வர்ற முதல் சில வாரங்கள் ரொம்ப ஆபத்தானவை. வீட்டுக்காரங்க "திருந்தி வந்துட்டான்"னு நிம்மதியா இருக்கிற நேரமும் அதுதான்.

இன்னொருத்தர் பிரின்ஸ். உலகமே அறிந்த அமெரிக்கப் பாடகர். வலிக்காக எடுத்த மாத்திரைகளுக்கே அடிமையாகிவிட்டார். வெளியே யாருக்கும் தெரியாது. 2016 ஏப்ரல் 15-ம் தேதி விமானத்திலேயே மயங்கி விழுந்தார். அவசரமாகத் தரையிறக்கி, நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்து உயிரை மீட்டார்கள். அதன் பிறகுதான் கூட இருந்தவர்கள் கலிபோர்னியாவில் உள்ள ஒரு போதை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட்டார்கள். அந்த டாக்டரின் மகன் புப்ரினார்ஃபின் என்ற மருந்தோடு ராத்திரி விமானம் ஏறி, ஏப்ரல் 21 காலையில் வந்து சேர்ந்தார். அதற்குள் தன் வீட்டு லிஃப்டுக்குள்ளேயே பிரின்ஸ் இறந்து கிடந்தார். வயது 57. வலி மாத்திரை மாதிரியே செய்த போலி மாத்திரையில் ஃபென்டனில் என்ற கடுமையான சரக்கு கலந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

அக்கா, அவங்ககிட்ட காசு இருந்தது, டாக்டரும் இருந்தாங்க. ஆனா மருந்து வந்து சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

அந்தப் புப்ரினார்ஃபின் என்ன மருந்து? அதுவும் மெத்தடோன் என்ற இன்னொரு மருந்தும், அபின் வகைச் சரக்கு மூளையில் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்காரும். உடம்பு நடுக்கம், தவிப்பு அடங்கும். ஆள் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனா இதில் கருத்து வேறுபாடு இன்னும் தீரலை. ஒரு தரப்பு, "இது ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிக்கிறது, மனஉறுதி, பிரார்த்தனை, கூட்டம், இதுங்கதான் உண்மையான விடுதலை" என்கிறது. அவங்க சொல்றதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் உட்கார்ந்தே, எந்த மருந்தும் இல்லாமல் குடியை விட்டவங்க நம்ம நாட்டிலும் இருக்காங்க. அந்த மருந்துகளும் அபின் வகைதான்; தப்பாப் பயன்படுத்தவும் முடியும், திடீர்னு நிறுத்தினா உடம்பு படுத்தும். அதெல்லாம் உண்மை.

இன்னொரு தரப்பு, "சர்க்கரை நோய்க்காரர் தினமும் மாத்திரை போட்டா தோத்துட்டார்னா சொல்றோம்?" என்று கேட்கிறது. அபின் வகைப் போதைக்கு இந்த மருந்தில் இருக்கிற காலத்தில் சாவு பாதிக்கும் கீழே குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரின்ஸ் வாழ்ந்த அதே மினசோட்டா மாநிலத்தில் ஹேசல்டன் என்ற சிகிச்சை நிலையம் இருக்கிறது. 1949-ல் தொடங்கி, எதையும் தொடாமல் இருப்பதே வழி என்று சொல்லிவந்த இடம். அவங்களே 2012-ல் புப்ரினார்ஃபினைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். கூட்டத்தையும் விடலை, மருந்தையும் சேர்த்துக்கிட்டாங்க. என் கட்சியும் அதுதான். முதல்ல ஆள் உயிரோட இருக்கணும். மற்றதைப் பேசிக்கலாம்.

"இதெல்லாம் அமெரிக்காவில், நமக்கென்ன?" என்று கேட்கலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏத்திக்கிற பையன்களைப் பற்றி நம்ம ஊர்ப் பேப்பரிலேயே படிக்கிறோம். அந்த மாத்திரையும் அபின் மாதிரியேதான் வேலை செய்யும். ஆனா நம்மில் பெரும்பாலானவர்கள் வீட்டுப் பிரச்சினை மதுதான். அதுக்கு மருந்து வேற. அதைப் பற்றிச் சொல்ல எங்க வீட்டுக் கதையைச் சொல்லணும்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, யாரோ சொன்னதைக் கேட்டு எங்கம்மா ஒரு கடையில் மாத்திரை வாங்கினாங்க. "குழம்புல கலந்து குடுங்க, அவருக்குத் தெரியாது, தானா விட்டுடுவார்" என்று சொல்லி வித்தாங்க. அம்மா கலந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அப்பா வழக்கம்போலக் குடிச்சார். முகம் செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து வாசல்லயே விழுந்தார். பிழைச்சது பெரிய விஷயம். அந்த மாத்திரை டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடிச்சா, மது முழுசா உடைஞ்சு வெளியேறாது. பாதியில விஷமாத் தேங்கி நிக்கும். உயிரே போகலாம்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் அப்பா எங்கம்மா கையால சோறு வாங்கிச் சாப்பிடலை. நான் போட்டாத்தான் சாப்பிடுவார். எங்கம்மா அடுப்படியிலேயே நின்னு அழுததை நான் பார்த்திருக்கேன்.

பல வருஷம் கழிச்சு அவரே டாக்டர்கிட்ட வந்தார். டாக்டர் ரத்தம் பார்த்து, கல்லீரல் பார்த்து, ஆபத்தை விளக்கிச் சொல்லி, அதே மாத்திரையைத்தான் எழுதினார். தினமும் காலையில் அம்மா எதிரில் உட்கார்ந்து, தண்ணி வாங்கி, தெரிஞ்சே விழுங்குவார். அதோட ஆலோசனைக்கும் போனார். நடுவுல இரண்டு தடவை மாத்திரையை விட்டுட்டுக் குடிச்சார், மறுபடி வந்தார். இப்போ பேரனைத் தூக்கிக்கிட்டுத் திரியறார்.

அதனால உங்ககிட்ட நாலு விஷயம் கேட்டுக்கறேன்.

முதலாவது, யாருக்கும் தெரியாம எந்த மாத்திரையையும் சோத்துல கலக்காதீங்க. விளம்பரம் பார்த்து "குடி மறக்க மருந்து" வாங்காதீங்க.

இரண்டாவது, பல வருஷமாத் தினமும் குடிக்கிறவரை ரூமில் பூட்டி வச்சுத் திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. இரண்டு மூணு நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

மூன்றாவது, மருந்தில் இருக்கிறவரைப் பார்த்து "இன்னும் மாத்திரைதானா?" என்று கேட்காதீங்க. அந்த வார்த்தைக்கு வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்தினவங்களை நான் வார்டில் திரும்பப் பார்த்திருக்கேன்.

நாலாவது, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் உள்கடன் கொடுக்கிறோம். மருந்து இலவசமாக் கிடைச்சாலும் பஸ் காசும் போற கூலியும் வீட்டுக்குப் பாரம்தான். குடிநோய் சிகிச்சைக்கு என்றும் உள்கடன் கேட்கலாம் என்று உங்க குழுத் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்க. அதை எழுதினாலே, இது வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை, நோய் என்று குழு ஒத்துக்கிட்ட மாதிரி.

அன்னைக்கு அழுத அக்கா இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அக்கா, காசில்லாததால நீங்க அவரை விட்டுடலை. இது என்ன நோய், எங்கே போகணும்னு நம்மில் யாரும் உங்களுக்குச் சொல்லலை. இனிமே நாம ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம்.